பிரிண்டருக்குக் காத்திருந்த சுழி

கரண்ட் போய் வந்த பிறகு எங்கள் விதை நெல் டிப்போவின் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. டிஸ்க் சோதனை முடிந்ததாகத் திரையில் வந்தது, தேதி வந்தது, அதோடு சரி. லாகின் கேட்கவே இல்லை. முன்கூடத்தில் நான்கு டெர்மினல்களும் வெறுமனே கிடந்தன. குறுவைக்கு விதை நெல் வாங்க நெடுங்காட்டிலிருந்து வந்தவர்கள் வாசலில் நின்றார்கள்.

திங்கள்கிழமையோடு கம்ப்யூட்டர் ஆபரேட்டராக என் தகுதிகாண் காலம் முடிகிறது. வேலை நிரந்தரமாகிவிட்டது என்று திண்டுக்கல்லுக்கு அவசரப்பட்டு எழுதிவிட்டேன். என்னோடு வந்து இருக்க அம்மா அங்கே வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறாள்.

அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே இடத்தில் நின்றது.

மேனேஜர் தெட்சிணாமூர்த்தி மெட்ராஸ் என்ஜினீயருக்கு ட்ரங்கால் புக் செய்துவிட்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கிளார்க் சோமு எட்டிப் பார்த்து, "என்ன ஜெயமேரி, மாதாகிட்ட வேண்டிக்கிட்டியா இல்லியா?" என்றான்.

மெஷின் எழும்போது ஒரு ஃபைலை வரி வரியாகப் படித்து வேலை செய்யும். ஒரு வரி முடிந்தால்தான் அடுத்தது. லாகின் கடைசியில். அந்த ஃபைலைத் தொடக் கூடாது என்று என்ஜினீயர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் தொட்டிருந்தேன். பிள்ளையார் சுழி போடாமல் எப்படி வேலையைத் தொடங்குவது என்று போன மாதம் மேனேஜர் கேட்டார். வேதக்காரப் பெண், அதனால் மறுக்கிறாள் என்று நினைப்பாரோ என்று பயம். நட்சத்திரக் குறிகளால் சுழி வரைந்து, தினமும் மெஷின் எழும்போது அது பிரிண்டரில் அச்சாக அந்த ஃபைலில் ஒரு வரி சேர்த்தேன்.

இன்று காலை சுழி அச்சான பிறகுதான் பிரிண்டரை ரிப்பேருக்குத் தஞ்சாவூர் அனுப்பினோம்.

"சார், மெஷின் சுழியிலதான் நிக்குது. பிரிண்டர் வர்ற வரைக்கும் அடுத்த வரிக்குப் போவாது."

"அதுக்காக எடுத்துடப் போறியா?"

"வேணாம் சார். அந்த வரி முடிவுல ஒரு குறி போட்டாப் போதும். சுழி ஓரமா காத்திருக்கும், மத்த வேலை நடக்கும்."

"பிள்ளையார ஓரமா நிக்கச் சொல்றே."

சோமு சிரித்தான். மேனேஜர் திரும்பியதும் நிறுத்திக்கொண்டான். "சரி, போடு" என்றார்.

மெஷினை அணைத்துப் போட்டு, அது அந்த ஃபைலைப் படிக்கும் முன்பே பாதியில் நிறுத்தி, குறியைச் சேர்த்து, மறுபடி கிளப்பினேன். தேதி வந்தது. லாகின் வந்தது. முன்கூடத்தில் நாற்காலிகள் இழுபட்டன.

அப்போது ட்ரங்கால் கிடைத்தது. மேனேஜர் சரியாகிவிட்டது என்றார். ஏன் நின்றது என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும், ரிசீவரை என்னிடம் நீட்டினார். நடந்ததைச் சொன்னேன். ஃபைலைத் தொட்டது யார் என்று என்ஜினீயர் கேட்டார். மேனேஜர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சார்."

பிறகு மேனேஜரிடம் கொடுக்கச் சொன்னார். மேனேஜர் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இல்லீங்க, அந்தப் பொண்ணு மேல ரிப்போர்ட் எழுதாதீங்க" என்றார் கடைசியில். "சுழியப் போடச் சொன்னது நான்."

ரிசீவரை வைத்தவர் என்னைப் பார்க்கவில்லை. என்னால் வாயை அடக்க முடியவில்லை. "திங்கக்கெழம எங்க அம்மாவ வரச் சொல்லியிருக்கேன் சார், சாமானோட."

"வரட்டும்" என்றார்.