பன்னிரண்டு படங்களில் இல்லாதவள்

"இஞ்சாருங்கோ, நாளைக்கு உங்களிட்ட ஒண்டு கேக்க வேணும்" என்றாள் ஞானாம்பிகை.

"இண்டைக்கே கேளுமன். அதுக்கும் நல்ல நேரம் பாத்து வைச்சிருக்கிறீரோ?" என்று சிரித்தார் கணவர் கதிர்காமநாதன்.

அவர் முகமலர்ச்சியைக் கெடுக்க மனமின்றி அவளும் சிரித்து விட்டுவிட்டாள். மறுநாள் விடியுமுன் அவள் மூளையில் ஒரு குருதிக்குழாய் அடைபட்டது. சொற்கள் அவளை விட்டு நீங்கின.

ஏழு திங்கள் கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை. பினாங்குக் குன்றின் முடியில் வெண்முகில் தங்க, துறைமுகம் புகும் கலங்களின் நெடுங்குரல் கூரைகளின்மேல் உருண்டோட, டத்தோ கிராமாட் தெருக்களில் பணி முடித்து மீளும் ஊர்திகள் எறும்பொழுக்கென ஊர்ந்தன. உலகெலாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அவ்வேளையில், கதவு திறந்த கூட்டுக்குள் சிறகு மறந்த புள்ளைப்போல் முன்னறை நாற்காலியில் அமர்ந்திருந்தாள் அவள்.

அவள் கேட்க எண்ணியது இதுதான்: தீவுக்கு எதிரே, அக்கரைப் பெருநிலத்துச் சுங்கை பாக்காப் ஊரில் வாழும் தங்கை ராகினியைக் காணவேண்டும். பெற்ற தாயின் இறுதிச் சடங்குக்கே பிந்தி வந்தாளென்று கதிர்காமநாதன் ஊரார் முன் சுடுசொல் கூற, அன்று படியிறங்கிய ராகினி பதினோராண்டாய் ஏறவில்லை. மனைவிக்கு எதுவும் விளங்காதென்று எண்ணி, மருத்துவமனைக் கட்டிலருகே நின்று, ராகினிக்குச் சொல்லவேண்டாமென மகளிடம் அவர் கூறினார். அந்த ஒரு தொடர் மட்டும் அவளுக்குத் தெளிவாய் விளங்கியது.

தங்கையின் பெயரைச் சொல்ல நாவெடுத்தால் 'குடை' என்றே வந்தது. அவர் வானத்தை நோக்கி, "மழை வராது, பயப்பிடாதையும்" என்பார். தலையசைப்பும் அவள் வசமில்லை. மறுக்க எண்ணுகையில் இசைந்தது. கப்பல் நிறுவனமொன்றில் முப்பதாண்டு மடல் வரைந்தவளுக்கு இன்று எழுத்துகள் சுவரில் சிதறிய சேறு. மகள் தனுஜா அன்போடு வரைந்து தந்த பன்னிரண்டு படங்களில் சோறும் நீரும் படுக்கையும் இருந்தன. சில நாள் அவையும் வெறுங்கறைகளாயின, தெளிந்த நாளிலோ அவற்றுள் தங்கை இல்லை. கதிர்காமநாதன் கொடியவரல்லர். கேட்குமுன் கொடுத்தார், கேளாததையும் கொடுத்தார். அக்கொடையே அவளைச் சூழ்ந்த மதிலாயிற்று.

விளக்கேற்றி, வெள்ளிதோறும் பாடும் பதிகத்தை அவர் தொடங்கினார். ஏழு திங்களாய்க் கேட்டு மட்டும் இருந்தவள் அன்று உடன் பாடினாள். ஓரசையும் பிறழாது பாடினாள். பேச்சிழந்தோரிடமும் பாட்டு எஞ்சுவதுண்டென மருத்துவர் முன்னரே கூறியிருந்தும், அவர் கண்ணீர் மல்கக் கைகூப்பினார். அவளோ மேலும் கலங்கினாள். அவையும் பிறர் சொற்களே. பிறர் தேரேறி ஊரெல்லாம் வலம்வந்து, மீண்டும் தன் சிறைவாயிலிலேயே இறங்கினாள்.

பதிகம் முடிந்தும் அவள் அதன் இசையை விடவில்லை, சொல்லின்றி முனகினாள்.

"களைச்சுப் போனீர். படுக்கப் போறீரோ?" என்று அவர் எழுந்தார்.

அசையும் இடக்கையால் அவர் கையைப் பற்றி அவள் நிறுத்தினாள். அவர் மீண்டும் அவளருகே அமர்ந்தார். அறிவுடையீர், அன்பு ஈவனவற்றுள் அரியது காத்திருத்தல். அதனை அன்றுதான் அவர் ஈந்தார். முனகல் நீண்டது, தடுமாறியது, மீண்டது. அவ்விசையின்மேல், ஆற்றுக்கல்லில் அடிவைப்பவள்போல், தன் சொற்களை ஒவ்வொன்றாய் அவள் வைத்தாள்:

"ராகினி… ராகினியிட்ட… என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ."