ஒரு விரல் இடம்

முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினைந்து ரூபாய். கணக்குப் பிரிவிலிருந்து வந்த தாளில் எண்ணாலும் எழுத்தாலும் அடித்திருந்தது. டோரதி மேடம் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தர வேண்டிய பாக்கி. முப்பத்துமூன்று வருஷமாக அந்த நூலகத்தைக் கட்டிக் காத்தவர், ஓய்வு பெறப் போகிற மாதத்தில் அதற்கே கடன்காரர் ஆகிவிட்டார். தாளை இரண்டு தடவை படித்தார். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "மருதை, டீ வந்திருச்சா?" என்று என்னைக் கேட்டார்.

எங்கள் இடத்தில் யார் வெளியே போனாலும், மாணவனோ துணைவேந்தரோ, நூலகத்தில் பாக்கி இல்லை என்று மேடம் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் மாணவனுக்குச் சர்டிபிகேட் இல்லை, மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை. பெரிய பெரிய புரொபசர்களெல்லாம் கடைசி நாளில் அவர் மேஜை முன்னால் கைகட்டி நின்றதைப் பார்த்திருக்கிறேன். இப்போது மேடமே போகிறார். அவருக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர், அடுத்துப் பொறுப்பேற்கிற பானுமதி மேடம். புத்தகங்களைச் சரிபார்த்து, இத்தனையும் என் வசம் வந்தது என்று அவர் எழுதித் தர வேண்டும். அப்புறம் குறைகிறதெல்லாம் அவர் தலையில் விடியும்.

அந்தத் தாள் வருவதற்கு முன்னால், பானுமதி மேடம் எண்ண வேண்டாம் என்றுதான் சொன்னார்.

"உங்ககிட்ட எண்ணி வாங்குறதா? எனக்கு வேலை கத்துக் குடுத்தவங்க நீங்க. எங்க போடணும்னு காட்டுங்க, போட்டுடறேன்."

மேடம் பேனாவை மூடினார். "எண்ணும்மா."

"மேடம்..."

"நான் எண்ணாமத்தான் வாங்கினேன். நீ எண்ணு."

கோடை விடுமுறை முழுக்க எண்ணினோம். நான் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினவன். புத்தகப் பெட்டி இறக்க ஒருநாள் வந்து, தினக்கூலியாக அங்கேயே தங்கிப்போனவன். இருபத்தாறு வயதில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்தேன். அதனால் இன்றைக்கும் எதைப் படித்தாலும் உதடு அசையும். மேடம் பதிவேட்டைப் பார்த்து எண்ணைச் சொல்வார். நான் குனிந்து, புத்தகத்தின் முதுகில் விரல் வைத்துத் தேடி, "இருக்கு" என்பேன். பானுமதி மேடம் டிக் அடிப்பார். கீழ் வரிசைக்கு உட்கார்ந்து எழும்போது என் முட்டி சொடக்குப் போடும்.

"மருதை, சைலன்ஸ்னு போர்டு மாட்டியிருக்கு. உங்க முட்டிக்குப் படிக்கத் தெரியாதா?" என்பார் மேடம்.

"அது அறிவொளிக்கு வரல மேடம்."

சிரிப்போம். இல்லாத எண் வந்தால் மட்டும் மூன்று பேரும் சாவு வீட்டில் நிற்கிற மாதிரி நிற்போம். அந்த இடங்களை நான் தேட வேண்டியதே இல்லை. அலமாரியில் அங்கெல்லாம் ஒரு விரல் இடைவெளி இருக்கும். மேடம் பொறுப்புக்கு வந்து கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அப்போதே நூற்றுச் சொச்சம் புத்தகங்கள் கண்ணில் படவில்லை. "யாராவது புரொபசர் வீட்டுல இருக்கும், வரும். ஒரு விரல் இடம் விட்டு வைங்க" என்றார் மேடம். அன்றிலிருந்து தூசி தட்டும்போதெல்லாம் அந்த இடத்தை விட்டே அடுக்கினேன். சிலது வந்தது. செத்துப்போன புரொபசரின் மகள் ஒரு தடவை ஒரு மஞ்சப்பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். மீதி வரவில்லை.

அந்தப் புத்தகங்களுக்கு விலை போட்டுத்தான் முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் வந்தது. கணக்கு அதிகாரி நல்லவர்தான். வழி சொன்னார். "எல்லாம் பழைய நம்பரா இருக்கு மேடம். நீங்க பொறுப்பேத்தப்பவே இல்லன்னு உங்களுக்கு முன்னாடி இருந்தவர் ஒரு வரி எழுதிக் குடுத்தா, தள்ளுபடி பண்ணிடலாம். இருக்காரா அவரு?"

இருந்தார். ரங்கசாமி சார், தொண்ணூறை நெருங்கி, ஸ்ரீரங்கத்தில்.

மேடம் அந்த ஒரு வரியை டைப் அடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டு, கைப்பையில் வைத்துக்கொண்டார். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாம்பழம் வாங்கிக்கொண்டு வேறு பஸ் ஏறினோம். உத்திர வீதியில் வெயில் காலைச் சுட்டது. சார் கட்டிலில் சாய்ந்திருந்தார். நெற்றியில் நாமம் மட்டும் பளிச்சென்று இருந்தது. கண் முழுக்கப் போய்விட்டதாம். மருமகள் காதருகே குனிந்து பேரைச் சொன்னார்.

"டோரதியா! வாம்மா. புஸ்தகமெல்லாம் சௌக்கியமா?"

பிள்ளைகளைக் கேட்கிற மாதிரி கேட்டார். மேடம் மாம்பழப் பையைக் கட்டிலோரம் வைத்தார்.

"இவகிட்ட சொல்லிண்டே இருப்பேன்" என்று மருமகள் பக்கம் கையை ஆட்டினார். "ஒரு பிரதி குறையாம ஒப்படைச்சேன். இந்தப் பொண்ணு எண்ணிக்கூடப் பாக்கல. நீங்க சொன்னா சரிதான் சார்னு கையெழுத்துப் போட்டா. கண் போயிடுத்து, காதும் பாதி போயிடுத்து. அந்தப் பேர் ஒண்ணு இருக்கு. பெருமாள் கிருபை."

மேடத்தின் கை பைக்குள் இருந்தது. தாளின் ஓரம் வெளியே தெரிந்தது. அப்புறம் உள்ளே போனது.

"ரிட்டயர் ஆகறேன் சார். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அப்படியா! யார்கிட்ட ஒப்படைக்கறே?"

"பானுமதின்னு ஒரு பொண்ணு."

"எண்ணித் தரயோ?"

"எண்ணியாச்சு சார்."

சாரின் விரல்கள் போர்வையைப் பிடித்தன. "சரியா இருந்துதோ?"

"சரியா இருந்தது சார்."

அவர் மெல்ல மூச்சு விட்டார். அதை நெடுநாளாகப் பிடித்து வைத்திருந்தவர் மாதிரி எனக்குப் பட்டது. அப்புறம் மாம்பழம் என்ன ஜாதி என்று கேட்டார்.

திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் நின்று நின்று ஊர்ந்தது. ஆற்றில் மணல்தான் அதிகம். எனக்குப் பொறுக்கவில்லை. பாலக்கரை வீட்டு மாடி ஒழுகுகிறது, மழைக்கு முன்னால் தளம் போட வேண்டும் என்று மேடம் சீட்டுக் கட்டி எடுத்த பணம்தான் அவரிடம் இருந்தது. அது எனக்குத் தெரியும்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மேடம். அவரு காலத்துல போனதுதானே?"

"கேட்டிருக்கலாம் மருதை. அன்னிக்குக் கேட்டிருக்கணும்." கைப்பையை இழுத்து மூடினார். "இப்ப எப்படிக் கேக்குறது?"

"பானுமதி மேடந்தான் எண்ணாமலே போடறேன்னாங்களே."

"அப்புறம் அவ ரிட்டயர் ஆகறப்ப எங்க வீட்டுக்கு வந்து நிப்பா. கையில மாம்பழத்தோட."

கடைசி நாள் காலையில் மேடம் பாங்கில் பணம் கட்டி ரசீது கொண்டுவந்தார். பானுமதி மேடம் 'பாக்கி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு முகத்தைத் திருப்பி முந்தானையால் துடைத்துக்கொண்டார். பிறகு பழைய பதிவேடுகளை எடுத்துவரச் சொன்னார்கள். இல்லாதவற்றைச் சிவப்பு மையில் அடிக்க வேண்டும். "நீங்க படிங்க மருதை" என்றார் மேடம். நான் உதடு அசைய ஒவ்வொன்றாகப் படித்தேன். அவர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். ஒருத்தரும் அவசரப்படவில்லை.

பேனாவை மூடிவிட்டு, "வாங்க, அந்த இடத்தையெல்லாம் மூடிடலாம்" என்றார்.

நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக அலமாரிகளுக்குள் போனோம். எத்தனையோ வருஷமாக நான் விட்டு வந்த ஒரு விரல் இடங்களை, புத்தகங்களைத் தள்ளித் தள்ளி அடைத்தேன். சாய்ந்திருந்தவை நிமிர்ந்தன. கடைசி அலமாரியில் மேடம் நின்றுகொண்டிருந்தார். இடைவெளிக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். எடுத்தார். இரண்டு கையாலும் வரிசையை அழுத்தித் தள்ளினார். புத்தகங்கள் கரகரவென்று நகர்ந்தன. வரிசையின் கோடியில், இத்தனை காலம் வெளிச்சம் படாமல் கிடந்த அலமாரியின் பச்சைப் பெயிண்ட் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது, நேற்று அடித்த மாதிரி.