காது இல்லாத தோல்

ஹெய்க்காவின் கொட்டகைச் சுவரில் பனிமான் தோல் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. ரவ்னாவுக்கு அதுவே போதும். கல்யாணத்தன்று புருஷன் நீலாஸ் குட்டியாகப் பிடித்துவந்து, ஊரே கைதட்ட, காதில் அவளுடைய குறியை வெட்டிக் கொடுத்த பெட்டைமான் அது. மூன்று வாரமாகக் காணோம். ஓநாயைச் சந்தேகப்பட்டாள். தேசியப் பூங்காவுக்கு மூட்டை கட்டிக்கொண்டு நடக்க வரும் தெற்கத்திக்காரர்களைச் சந்தேகப்பட்டாள். கடைசியில் பக்கத்து மந்தைக்காரரா!

தோலில் இரண்டு காதும் இல்லை. இந்தக் குன்றுகளில் திருடனைத் தவிர எவனும் காதை அறுக்கமாட்டான். மான் யாருடையது என்பது காதில் வெட்டிய குறியில்தானே இருக்கிறது.

"வா, காபி கொதிக்குது," என்றார் ஹெய்க்கா, பாலாடைக்கட்டித் துண்டு மிதக்கும் கோப்பையை நீட்டி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க காபி எனக்கு வேண்டாம்ணே. என் மானை என்ன பண்ணீங்க?"

"பாறை இடுக்குல கால் முறிஞ்சு கெடந்துச்சு. நான்தான் கத்தி வச்சேன். கறியை உனக்குன்னு உப்புப் போட்டு வச்சிருக்கேன்."

"நல்லாத்தான் கதை விடுறீங்க. காது எங்க? நாய் தின்னுடுச்சா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சரி, நாளைக்கு மந்தைக் கூட்டத்துல கேக்கறேன். அங்க வந்து முழிங்க."

"வேண்டாம் ரவ்னா."

"பயமா இருக்கா?"

"இருக்கு. உன்னை நினைச்சுத்தான்."

புகையிலை டப்பாவைத் திறந்து இரண்டு காதையும் அவள் கையில் வைத்தார். ரவ்னா விரலால் தடவினாள். நுனியில் அவளுடைய நேர்வெட்டு. அதற்குக் கீழே, நேர்வெட்டு எட்டாத இடத்தில், ஒரு பிளவின் அடி மிச்சமிருந்தது. அந்தப் பிளவு ஹெய்க்கா வீட்டுக் குறி. அவர் குறி வெட்டி ஆறிய காதைத்தான் நீலாஸ் மறுபடி வெட்டியிருக்கிறான்.

"உரிக்கும்போதுதான் எனக்கே தெரிஞ்சுது," என்றார் ஹெய்க்கா. "நாலு பேர் பாத்துட்டா நீ எப்படித் தலைநிமிர்ந்து நடப்ப? அதான் அறுத்தேன்."

இவரைப் போய்த் திருடன் என்று நினைத்தோமே. மான் எத்தனை என்று அங்கே ஒருவரும் ஒருவரையும் கேட்கக் கூடாது; அவள் கேட்டாள்.

"எங்க மந்தையில உங்க மான் எத்தனைண்ணே?"

"எனக்கெப்படித் தெரியும்? போய்த் தடவிப் பாரு."

வீட்டு அடைப்பில் நீலாஸ் மான்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன, திருடன் ஆப்ட்டானா?" என்று சிரித்தான்.

ரவ்னா தீனிக்கு வந்த மானின் காதைப் பிடித்து நுனிவரை தடவினாள். விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தாள். மூன்றாவதை அவள் பிடித்தபோது அவன் சிரிப்பு நின்றுபோயிருந்தது.