அந்த முதுகு யாருடையது

ஓவியரின் புதுப் படத்தைப் பார்த்ததும் டெய்லருக்குச் சந்தேகம் தட்டியது. ஓவியரோடு ஒரே வீட்டில் பதினெட்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவர் அவர்.

ஓவியர் அதுவரை வரைந்ததெல்லாம் ஊர்க் கதை. வீடு இடிபட்ட சனங்கள், சாக்கடையில் இறங்குகிற ஆட்கள், ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடக்கிறவர்கள். பார்க்கிற பெரிய மனிதர்களுக்குச் சுருக்கென்று தைக்கும். இப்போதுதான் முதல்முறையாகச் சொந்தக் கதைக்கு வந்திருந்தார்: இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழும் வீடு. கடைக்கு வருகிறவர்கள் வாயில் விழ முடியாது, என் மூஞ்சி மட்டும் வேண்டாம் என்று டெய்லர் கேட்டுக்கொண்டதால், எல்லாப் படத்திலும் இரண்டாவது ஆள் முதுகைக் காட்டியே நின்றான்.

வம்பே அந்த முதுகில்தான். இடது தோள் இறங்கியிருந்தது, கழுத்து முன்னால் தள்ளியிருந்தது. ஊரார் முதுகையெல்லாம் அளந்து வயிறு வளர்க்கிற மனுஷன் கண்ணுக்கு இது தப்புமா? தன் அளவு அவருக்குத் தெரியாதா என்ன! வாலிபத்தில் வெட்டிவைத்த அளவு அட்டையை வைத்துத்தான் இன்றைக்கும் தனக்குச் சட்டை தைக்கிறார். இரண்டு தோளும் ஒரே மட்டம். அப்படியானால் இவன் எவன்?

கண்காட்சி திறந்த அன்று எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். டெய்லர் மட்டும் பார்க்க வந்த ஆண்களின் பின்னால் போய்ப் போய்த் தோளைப் பார்த்தார். ஒருவர் தன் சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றே கேட்டுவிட்டார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கடைசியில், படங்களுக்குச் சட்டம் அடிக்கிற தச்சர் மேல் சந்தேகம் விழுந்தது. அவர் வந்தால் ஓவியர் கதவைச் சாத்திக்கொள்கிறாரே, சட்டம் அடிக்க எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்? டெய்லர் சும்மா இருப்பாரா? இனாமாக ஒரு சட்டை தைத்துத் தருவதாகச் சொல்லித் தச்சரைக் கடைக்கு வரவழைத்து அளவெடுத்தார். அந்த மனுஷன் தோள் பலகை மாதிரி நேராக இருந்தது. சட்டைத் துணி தண்டமானதுதான் மிச்சம்.

அன்று மதியம் சாப்பாட்டைப் பிரிக்கவே இல்லை. கடையைச் சாத்திவிட்டு நேரே வீட்டுக்கு வந்தார். ஓவியர் வேலை செய்கிற அறைக் கதவைத் தட்டாமல் திறந்தார், வரைந்து முடியாமல் நின்ற படத்தைக் காட்டிக் கேட்டேவிட்டார்.

"யார் இவன்? உண்மையைச் சொல்லிடு. நான் பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போயிடறேன்."

ஓவியர் தூரிகையை மேஜை மேல் வைத்தார்.

"நீதான். மெஷின் மேல குனிஞ்சு குனிஞ்சு உன் தோள் இறங்கிப் பல வருஷமாச்சு. தினமும் பின்னாலேருந்து பாக்கிறவன் நான்தானே? திரும்பு, அளந்து காட்டறேன்."

ஓவியர், டெய்லரின் கழுத்தில் கிடந்த டேப்பை உருவி அதன் நுனியை அவருடைய இடது தோளில் வைத்தார். நழுவியது. மறுபடி வைத்தார், மறுபடியும் நழுவியது. டெய்லர் பொறுமை இழந்து திரும்பினார். ஓவியரின் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. மேஜை மேல் கிடந்த தூரிகை ஒவ்வொன்றுக்கும் கைக்கு அடக்கமாகத் தடித்த மரப்பிடி மாட்டியிருந்தது. தச்சர் செய்து கொடுத்தது.

டெய்லருக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, எப்போதிலிருந்து என்று கேட்டார்.

"ரெண்டு வருஷமா. நீயே கவனிச்சுக் கேப்பேன்னு இருந்தேன்."