எண்ண வந்த போதகர்

மலேசியாவில் செமோர் ஊருக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்துச் சிற்றாலயத்துக்குப் பத்துப் பேராவது வராவிட்டால் பூட்டிவிடுவார்கள். ஈப்போவிலிருந்து போதகர் ஞாயிறு வந்து எண்ணப்போவதாகக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து என் அம்மா விமலா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எப்படி எண்ணினாலும் எட்டுதான். ரப்பர் மரங்களை வெட்டியதும் பாதிச் சபை ஊரைவிட்டுப் போயிற்று. மிச்சத்தில் பாதி, ஈப்போவில் கடை மாடியில் டிரம்ஸ் அடிக்கும் சபைக்குப் போகிறது. என்னைப் போன்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறோம்.

"இந்த ஒரு ஞாயிறு வந்து உக்காருடா," என்றார் அம்மா.

"எனக்குத்தான் நம்பிக்கை இல்லயே."

"நம்பச் சொன்னனா? உக்காரத்தான சொன்னேன்."

இரவு வேலை முடிந்து வருபவனுக்கு உட்காருவது கஷ்டமில்லை. ஒன்பது ஆயிற்று.

பத்தாவது ஆள் எதிர்வீட்டு மாயாண்டி. முனீஸ்வரர் கோயிலைப் பார்த்துக்கொள்பவர்.

"நாங்க நின்னா நில்லுங்க, உக்காந்தா உக்காருங்கண்ணே. போதகர் குடுக்குற அப்பத்த வாங்க மட்டும் போகாதீங்க."

"தெரியாதா விமலா? அம்பது வருஷமா உங்க வீட்டு கிறிஸ்மஸ் கேக் சாப்பிடுறேன்லா."

நெற்றிப் பட்டையை அழித்துவிட்டு வந்தார். தெரியாத பாட்டைத் தெரிந்தவர்களைவிடச் சத்தமாகப் பாடினார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அம்மா காணிக்கைத் தட்டோடு அவர் முன்னால் வந்தார். மாயாண்டி ஒரு வெள்ளி நோட்டைப் போட்டார். பிறகு வலது கையை நீட்டித் திருநீற்றுக்குக் காத்திருந்தார்.

போதகர் பார்த்துவிட்டார்.

ஆராதனை முடிந்ததும் பேனாவோடு வந்தார். "அண்ணே, நீங்க நம்ம சபையா?"

"இல்லங்க ஐயா. முனீஸ்வரர் சபை."

போதகர் என் பக்கம் திரும்பினார். "தம்பி வாரா வாரம் வாறீங்களா?"

நான் பள்ளியை விட்டு நின்ற அன்று பார்த்த அதே பார்வையை அம்மா பார்த்தார்.

"இல்ல, தூங்குவேன். ஆனா ஞானஸ்நானம் எடுத்தாச்சு. அதத் திருப்பிக் குடுக்க முடியாதாமே."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒன்பது என்று எழுதினார். யாரும் எழுந்திருக்கவில்லை.

"ஐயா, உங்கள எண்ணினீங்களா?" என்றார் மாயாண்டி.

"நான் எண்ண வந்தவன்."

"அப்ப இவ்ளோ நேரம் கும்பிட்டது? எங்க கோயில்ல பூசாரியையும் சேத்துத்தான் எண்ணுவோம். இல்லன்னா எப்பவோ பூட்டியிருப்போம்லா."

போதகர் ஒன்பதை அடித்துப் பத்து என்று எழுதினார். அடுத்த எண்ணிக்கை ஆறு மாதம் கழித்து.

வாசலில் செருப்பை மாட்டியபடி மாயாண்டி சொன்னார்: "விமலா, வெள்ளிக்கெழம எங்க பூசைக்கும் ஆளு பத்தல. சாமி தூக்க நாலு பேரு வேணும், மூணு பேருதான் இருக்கோம்."

"எனக்கு நைட் ஷிப்ட்," என்றேன்.

"பூசை காலையிலதாண்ணே?" என்றார் அம்மா. "வருவான்."