அரைச் சுற்று

“மெதுவா, மெதுவா. பின்னாடி குப்பைத்தொட்டி இருக்கு.”

“தெரியுது.”

“உனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒடி.”

டன்கன் ஒடித்தான். பெர்னி காரின் மூக்கில் தோள் கொடுத்துத் தள்ளினார். கொட்டகை வாசல்படியில் ஒருமுறை தயங்கிவிட்டு, கார் பின்பக்கமாகச் சந்துக்குள் இறங்கி நின்றது. பெர்னி நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“கெயில் இருந்திருந்தா இதுக்குள்ள நாலு திட்டு திட்டியிருப்பா,” என்றார். பிறகு பானட்டைத் திறக்கும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று நண்பகலில் கெயிலுக்கு இறுதிச் சடங்கு. அவள் டன்கனின் மனைவி. கார் அவளுடையது. அறுபதுகளில் இதே கவென்ட்ரியில் செய்த ட்ரையம்ஃப். அப்பா லெஸ் இறந்தபோது அவளுக்கு வந்தது. பெர்னி பக்கத்துக் கொட்டகைக்காரர். அவரிடமும் இதே மாதிரி கார் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருப்பது அவர் கொள்கை. கெயிலின் கொள்கை வேறு. பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டாள். ரேடியேட்டருக்கு மின்விசிறி வைத்தாள். பிரேக்கை மாற்றினாள். ஒவ்வொரு தடவையும் பெர்னி இந்தச் சந்தில் நின்று தலையில் அடித்துக்கொள்வார். “அடுத்து என்ன, ஃப்ரிட்ஜா?” என்பார். “வெச்சாலும் உங்க பீருக்கு அதுல இடமில்லை,” என்பாள் அவள், காருக்கு அடியிலிருந்து.

கூரையை மட்டும் அவள் சரிசெய்யவில்லை. மழை பெய்தால் டன்கன் உட்காரும் பக்கம் ஒழுகும். முழங்காலில் போட்டுக்கொள்ள ஒரு துண்டு கொடுத்திருந்தாள். முதலில் என்ஜின், கூரை அப்புறம் என்பாள்.

போன வியாழக்கிழமை டன்கன் வேலையிலிருந்து வந்தபோது கொட்டகைக் கதவு மூடியிருந்தது. உள்ளே என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முன்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் முழ நீளத்துக்கு ஒரு ரப்பர்க் குழாய். கதவைத் தூக்கிவிட்டு அவளை வெளியே இழுத்தான். அதற்கு முன்பே முடிந்திருந்தது.

போலீஸ்காரர் அந்தக் குழாயைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டார். அது எதற்கென்று பெர்னிதான் தன் காரில் செய்து காட்டினார். என்ஜினில் இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால்தான் ஓட்டம் சீராக இருக்கும். குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்துக் கேட்க வேண்டும். இரண்டின் இரைச்சலும் ஒன்றாகும்வரை திருகைத் திருக வேண்டும். அந்த வேலையைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். வெளியே புயல்காற்று, அதனால் கதவைச் சாத்தியிருப்பாள் என்று பெர்னி சொன்னதையும் எழுதிக்கொண்டார். பிறகு படுக்கையறையில் இருக்கும் மாத்திரைகள் யாருடையவை என்று கேட்டார்.

அவளுடையவைதான். இலையுதிர் காலத்திலிருந்து அவள் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போகவில்லை. பெரும்பாலும் படுத்திருந்தாள். எழுந்தால் கொட்டகைக்குப் போவாள்.

உடலைக் கொடுத்துவிட்டார்கள். காரையும் படம் எடுத்துவிட்டு விட்டுவிட்டார்கள். மரண விசாரணை வசந்த காலத்தில் நடக்கும் என்றார்கள். கெயிலின் அம்மா டோரீன் அதுவரை காத்திருக்கத் தயாராக இல்லை. நேற்று தொலைபேசியில் கூப்பிட்டார்.

“நாளைக்குச் சடங்கு முடிஞ்சதும் நான் அந்த என்ஜினைக் கேக்கணும்.”

“எதுக்கு டோரீன்?”

“ரெண்டும் ஏறுக்குமாறா இருந்தா அவ வேலை நடுவுல போயிருக்கா. புகை அவளை ஏமாத்தியிருக்கு. ரெண்டும் ஒண்ணா இருந்தா வேலை முடிஞ்சிருக்கு. முடிஞ்சப்புறம் கதவைத் திறக்காம என்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கா. கதவைத் திறக்காம சாவியைத் தொடாதேன்னு அவளுக்கு எட்டு வயசுலயே சொல்லியிருக்கோம்.”

“கழட்டின ஏர் ஃபில்டரை அவ திரும்ப மாட்டல. முடிஞ்சிருந்தா மாட்டியிருப்பா.”

“ஃபில்டர் மாட்ட மறந்துட்டு ஊரெல்லாம் ஓட்டினவ அவ. அதைச் சொல்லாதே. நான் கேக்கணும்.”

டோரீனின் காதை யாரும் சந்தேகிக்க முடியாது. லெஸ் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் இயந்திரங்களுக்கு நடுவே வேலை பார்த்துச் செவி போனவர். அவர் திருகுவார், டோரீன் குழாயை வைத்துக் கேட்டுத் தலையசைப்பார். முப்பது வருஷம் அப்படித்தான் அந்தக் கார் ஓடியது. கெயில் அம்மாவிடம்தான் கேட்கக் கற்றாள்.

பெர்னி பேட்டரி இணைப்பை இறுக்கி முடித்தார். தன்னுடைய குழாயைக் கொண்டுவந்து இருக்கையில் போட்டார்.

“நான் போய் கோட்டை மாட்டிட்டு வர்றேன். என் வயித்தை அதுக்குள்ள நுழைக்கவே அரை மணி நேரம் ஆகும். ஸ்டார்ட் பண்ணிடாதே. டோரீன்தான் முதல்ல கேக்கணுமாம்.”

“சரி.”

“சாப்பிட்டியா?”

“ம்.”

பெர்னி அவனைப் பார்த்தார். கோட்டை மாட்டப் போனார்.

டன்கன் சந்தில் தனியாக நின்றான். பிறகு உள்ளே உட்கார்ந்து சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினான். இரண்டாவது முறையில் என்ஜின் பிடித்துக்கொண்டது. சூடேறும்வரை காத்திருந்து சோக்கை உள்ளே தள்ளினான்.

காரை அவனுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இந்தச் சத்தம் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறைவரை வரும். அதில் தடுமாற்றம் இருந்தால் அவள் இன்னும் வரமாட்டாள் என்று அர்த்தம். இப்போது தடுமாற்றம் இல்லை.

இறங்கி வந்து குழாயை எடுத்து முன் கார்புரேட்டரில் வைத்துக் கேட்டான். கொதிக்கப் போகும் கெட்டிலின் இரைச்சல். பின்னதில் வைத்தான். அதே இரைச்சல். மறுபடி முன்னது. மறுபடி பின்னது. எங்கேயாவது ஒரு வித்தியாசம் கிடைக்குமா என்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான். கிடைக்கவில்லை. மிக நன்றாகச் செய்திருந்தாள்.

ஸ்க்ரூடிரைவர் கொட்டகைச் சுவரில் அதற்குரிய ஆணியில் தொங்கியது. வியாழக்கிழமையும் அங்கேதான் தொங்கியது. அதை அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

எடுத்து வந்தான். பின் கார்புரேட்டரின் திருகில் வைத்தான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். திருகினான். அரைச் சுற்று. என்ஜின் வேகம் ஏறி உதறத் தொடங்கியது. குழாயை வைத்துப் பார்த்தான். பின்னது இப்போது முன்னதைவிடப் பலமாக இரைந்தது.

சாவியைத் திருப்பி அணைத்தான். ஸ்க்ரூடிரைவரை ஆணியில் மாட்டினான்.

தகன மண்டபத்தில் பாதிரியார் ‘எதிர்பாராமல்’ என்ற சொல்லை மூன்று தடவை பயன்படுத்தினார். வேறு சொல் எதற்கும் அவர் துணியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியைகள் சிலர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி டன்கனின் கையைப் பிடித்துக்கொண்டு, “நாங்க யாராவது வந்து பார்த்திருக்கணும்,” என்றாள். “பரவாயில்லை,” என்றான் அவன். சவப்பெட்டியை மறைத்துத் திரை மூடியபோது டோரீன் அழவில்லை. கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, யாரோ பேசுவதைக் கேட்பவர்போலத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். வெளியே அடுத்த குடும்பம் மழையில் காத்திருந்தது.

வீட்டில் டோரீனின் தங்கை ஐரிஸ் பன்றி இறைச்சி சாண்ட்விச்சை முக்கோணங்களாக நறுக்கி அடுக்கியிருந்தாள். சமையலறை நிறைய ஈரக் கோட்டுகள். டோரீன் தன் கோட்டைக் கழற்றவில்லை. தொப்பியையும் கழற்றவில்லை.

“ஒரு வாய் டீயாவது குடிச்சுட்டுப் போயேன் அக்கா.”

“வந்து குடிக்கிறேன்.”

“எல்லாரும் உன்னைப் பார்க்கத்தானே வந்திருக்காங்க.”

“ஓடிப்போக மாட்டாங்க. சாண்ட்விச் இருக்கில்ல?”

பின்கதவைத் திறந்து தோட்டத்தைக் கடந்து சந்துக்கு வந்தார். டன்கன் பின்னால் வந்தான். மழை விட்டிருந்தது. பெர்னி இறுக்கமான கோட்டுக்குள் விறைத்துப்போய் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“ஆரம்பிக்கட்டுமா டோரீன்?”

“ம்.”

என்ஜின் ஓடத் தொடங்கியது. அது சூடேறும்வரை மூவரும் காத்திருந்தார்கள். டோரீன் கையுறைகளைக் கழற்றிக் கோட்டுப்பையில் வைத்தார். குழாயைக் காதில் வைத்துக் குனிந்தார். முன்னதை வெகுநேரம் கேட்டார். பிறகு பின்னது. பிறகு மறுபடி முன்னது. டன்கன் அவர் முகத்தைப் பார்க்காமல் தொப்பியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெர்னியால் பொறுக்க முடியவில்லை. “என்ன? என்ன கேக்குது?”

“வாயை மூடு பெர்னி.”

இன்னொரு முறை பின்னதைக் கேட்டார். நிமிர்ந்து குழாயை நீட்டினார். “நீ கேளு.”

பெர்னி கேட்டார். முகம் மாறியது. “பின்னது எகிறுது,” என்றார். “டோரீன், பின்னது எகிறுது! கன்னாபின்னான்னு இழுக்குது. கெயில் இப்படி விடுவாளா? பாதியிலதான் போயிருக்கா. கடவுளே, பாதியிலதான்.” கோட்டின் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான் விசாரணையில வந்து சொல்றேன். என் காதாலயே கேட்டேன்னு சத்தியம் பண்ணிச் சொல்றேன். கேட்டியா தம்பி? விபத்து. வெறும் விபத்து.”

“கேட்டேன்,” என்றான் டன்கன்.

டோரீன் கையை நீட்டினார். “ஸ்க்ரூடிரைவர்.”

டன்கன் கொட்டகைக்குள் போய் எடுத்து வந்தான்.

“எதுக்கு?” என்றார் பெர்னி. “தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும். போலீஸ்காரங்க வந்து கேக்க மாட்டாங்களா?”

“அவங்களுக்கு இதுல காது ஏது? நீ கேட்டாச்சு. அது போதும்.”

“இருந்தாலும்...”

“அவ காரை இப்படி விட்டுட்டுப் போகச் சொல்றியா?”

அவர் குனிந்தார். முன்னதை அவர் தொடவில்லை. நேராகப் பின்னதின் திருகில் வைத்து எதிர்ப்பக்கமாகத் திருகினார். அரைச் சுற்று. அதோடு கையை எடுத்துவிட்டார். உதறல் நின்றது. வேகம் இறங்கி என்ஜின் காலையில் ஓடியதுபோலவே ஓடியது. அவர் குழாயை மறுபடி காதில் வைத்துப் பார்க்கவில்லை.

“முன்னதுலேருந்துதானே ஆரம்பிக்கணும்?” என்றார் பெர்னி. “லெஸ் அப்படித்தான் சொல்வாரு.”

“லெஸ்ஸுக்குக் காது கேக்காது.”

பெர்னி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். “ஒரே திருகு. என்ன காது டோரீன் உங்களுக்கு!”

டோரீன் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து டன்கனிடம் கொடுத்தார். கொடுத்த கையை எடுக்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். வெள்ளைச் சட்டையின் கைமுனையில் கறுப்பாக என்ஜின் எண்ணெய் ஒட்டியிருந்தது. அவன் அதைக் கவனித்திருக்கவில்லை. அவர் அந்த முனையை உள்பக்கமாக ஒரு மடிப்பு மடித்து, கோட்டுக்குள் தள்ளி, கோட்டின் கையை இழுத்துவிட்டார்.

“உள்ள வர்றதுக்கு முன்னாடி கையைக் கழுவிக்கோ கண்ணு,” என்றார். “ஆளுங்க இருக்காங்க.”

தோட்டத்தின் வழியே வீட்டுக்கு நடந்தார். சமையலறைக் கதவு திறந்தது. அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

“பாதி வேலையில இருந்திருக்கா ஐரிஸ். இப்பத்தான் பார்த்தோம். பாதியிலதான் போயிருக்கா.”

உள்ளே யாரோ வாய்விட்டு அழுதார்கள். நாற்காலி இழுபட்டது. கதவு சாத்திக்கொண்டது.

பெர்னி இருக்கைப் பக்கம் போய்ச் சாவியில் கை வைத்தார். “அணைச்சிடட்டுமா?”

“வேணாம்.”

“பெட்ரோல் வீணாகும்.”

“ஓடட்டும்.”

பெர்னி கையை எடுத்துக்கொண்டார். இருவரும் காரின் இரண்டு பக்கமும் நின்றார்கள். என்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. புகை ஈரத்தில் மேலே எழாமல் சந்தின் தரையோடு பரவி எதிர்ப்பக்கத்து மதில்வரை போனது. அந்த வீட்டின் மாடியில் ஒரு கை வெளியே வந்து, சத்தமில்லாமல் ஜன்னலை இழுத்துச் சாத்தியது.