எழுந்து சிரிக்கும் ஷாட்

நடிகர் கண்ணாயிரத்துக்குப் பெயர் வாங்கித் தந்த படங்கள் மூன்று. மூன்றிலும் அவர் செத்துப்போவார். முதலாவதில் வெள்ளத்தோடு போகும் தபால்காரர். இரண்டாவதில் மகளின் கல்யாணப் பந்தலில் சாய்ந்துவிடும் தகப்பனார். மூன்றாவதில் கலவரத்தில் குத்துப்பட்டு விழும் ஜெயில் வார்டன். அந்த வார்டனுக்காக செங்கல்பட்டுத் தியேட்டரில் பெண்கள் வாய்விட்டு அழுததை நானே கேட்டிருக்கிறேன்.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் அப்படியே எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். படத்தில் அது வராது. ஆனாலும் பிலிமில் எடுத்தாக வேண்டும். விட்டால் நடித்தவர் உயிருக்கு ஆகாது என்பார்கள். கண்ணாயிரத்தின் நான்காவது சாவில் ஏதோ அவசரத்தில் அதை விட்டுவிட்டார்கள். அந்த வருஷமே அவருக்கு மாரடைப்பு வந்தது. "போதும்யா நீ நடிச்சது" என்று அவர் மனைவி சம்பூர்ணம் அம்மாள் நிறுத்திவிட்டார். அதன் பிறகு அவர் திருவிடந்தை வீட்டிலேயே இருந்தார். பக்கத்து வீட்டுக்காரன் நான். பெயர் ராமானுஜம், கல்பாக்கத்தில் உத்தியோகம்.

2002இல் ஜெயக்குமார் என்ற புது இயக்குநர் தேடி வந்தார். கிழ மீனவர் வேஷம், கடலோரத்தில் சாவு. கண்ணாயிரம் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிப்பு ஷாட் கண்டிப்பா எடுத்துடறேன்மா. சத்தியம்," என்றார் ஜெயக்குமார்.

"நானும் வருவேன். கேமரா பக்கத்துலயே நின்னுகினு இருப்பேன். எடுக்கலன்னா இதோட சரி, இன்னொரு தபா அனுப்ப மாட்டேன்."

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்பை ஒட்டிப் படப்பிடிப்பு. அவர்கள் கம்பெனி காரில் போக, நான் லீவு போட்டு ஸ்கூட்டரில் பின்னால் போனேன். சாயங்கால வெயிலில் கண்ணாயிரம் அலையோரம் சரிந்து விழுந்தார். விழுந்த விதத்தில் எல்லோரும் கை தட்டினார்கள்.

"சார், பிலிம் தீர்ந்துபோச்சு," என்றார் கேமராமேன்.

அடுத்த டப்பா வேனில் இருந்தது. வேன், கதாநாயகியைக் கொண்டுவிட மாமல்லபுரம் லாட்ஜுக்குப் போயிருந்தது.

"எழுந்திருங்கய்யா, காலையில முதல் வேலையா எடுத்துடலாம்," என்றார் ஜெயக்குமார்.

கண்ணாயிரம் கையை ஊன்றப் போனார்.

"அசையாதய்யா!" அம்மாள் ஓடினார். "எழுந்துட்டா அப்பறம் எப்டி? எழுந்துக்கறதுதான பிலிம்ல வுழணும்!"

"அடியே, முதுவுல ஈரம் ஏறுது."

"செத்தவன் பேசுவானா? மூடு வாய."

கேமராமேன் இயக்குநரின் காதருகே குனிந்தார். "சும்மா வெறும் கேமராவ ஓட்டிடலாம் சார். அம்மாவுக்கு என்ன தெரியப்போவுது?"

ஜெயக்குமார் மணலில் நின்ற அம்மாளைப் பார்த்தார். "வேணாம். சத்தியம் பண்ணியிருக்கேன்."

அதைக் கேட்டதும் நான் ஸ்கூட்டரை உதைத்தேன்.

டப்பாவோடு திரும்பியபோது வெயில் போய்விட்டது. ஒருவரும் மூட்டை கட்டவில்லை. அம்மாள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, செருப்பால் நண்டுகளை விரட்டிக்கொண்டிருந்தார். மறுபக்கம் ஜெயக்குமார், பேன்ட் நனைய.

"மாரு வலிக்குதாய்யா?"

"இல்ல. பசிக்குது."

"பொணத்துக்குப் பசியப் பாரு."

கேமராமேன் கறுப்புப் பைக்குள் கையை விட்டுப் பிலிமை மாற்றினார். "வெளிச்சமே இல்லம்மா. உருவம் மட்டும்தான் விழும்."

"ஆளு எழுந்துகினது தெரியுமில்ல? அது போதும்," என்று சொல்லி, அம்மாள் விலகிக் கேமரா பக்கம் வந்து நின்றார்.

கேமரா ஓடியது. கண்ணாயிரம் எழப் பார்த்தார், முடியவில்லை. இவ்வளவு நேரம் கிடந்ததில் கால் மரத்துவிட்டது. மறுபடி ஊன்றினார்; முழங்கை மணலில் வழுக்கியது. அம்மாளுக்குக் கேமராவாவது ஒன்றாவது. நேரே ஷாட்டுக்குள்ளே ஓடி, அவர் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினார். தலையெல்லாம் மணலாக அவர் நின்றார். அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"படம் ஓடிகினு கீது. அழாத, நீயும் சிரி," என்றார் கண்ணாயிரம்.

"நான் எதுக்குய்யா சிரிக்கணும்? நானா செத்தேன்?"

கண்ணாயிரம் வயிறு குலுங்கச் சிரித்தார்.